முதல் பர்சனல் கம்ப்யூட்டர் ஆல்டேராம்! யார் சொன்னது?

பழையசர்க்யூட்:
பக்கத்து இழையில் ஒருவர் "உலகின் முதல் பர்சனல் கம்ப்யூட்டர் 1975-ல் வந்த ஆல்டேர் 8800" என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். படிக்கவே எரிச்சலாக இருக்கிறது. ஜான் பிளாங்கன்பேக்கர் 1971-லேயே கென்பாக்-1 கொண்டு வந்துவிட்டார். விலை 750 டாலர், 256 பைட் நினைவகம். நாலு வருஷம் முந்தி வந்தது எந்தக் கணக்கில் இரண்டாவது?

ஆல்பகர்க்கி75:
அந்த "ஒருவர்" நான்தான், நேராகவே கேளுங்கள். கென்பாக்கில் மைக்ரோபிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை முழுதும் அடங்கிய ஒற்றைச் சில்லு, கிடையாது. அது எப்படி பர்சனல் கம்ப்யூட்டர்? மொத்தம் விற்றதே நாற்பது சொச்சம். ஆல்டேர் பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகை அட்டையில் வந்ததும் அதை உருவாக்கிய எட் ராபர்ட்ஸுக்குச் சில மாதங்களில் ஆயிரக்கணக்கில் ஆர்டர் குவிந்தது. வாங்குபவரே பொருத்திக்கொள்ளும் 397 டாலர் கிட், உள்ளே இன்டெல் 8080 மைக்ரோபிராசசர்.

டெர்மினல்வாசி:
மைக்ரோபிராசசர்தான் அளவுகோல் என்றால் பிரான்சின் "மைக்ரால் N" கம்ப்யூட்டர் என்ன ஆச்சு? 1973, உள்ளே இன்டெல் 8008 மைக்ரோபிராசசர். அமெரிக்காவைத் தாண்டி எதுவும் கண்ணில் படாதோ?

ஆல்பகர்க்கி75:
அது வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கேட்டுச் செய்தது. வீட்டுக்கு யார் வாங்கினார்கள்?

பழையசர்க்யூட்:
மைக்ரோபிராசசர், மைக்ரோபிராசசர்! கென்பாக் விளம்பரம் வந்தது 1971 செப்டம்பரில். இன்டெல் தன் முதல் மைக்ரோபிராசசரான 4004-ஐ அறிவித்தது நவம்பரில். சந்தைக்கே வராத சில்லை எங்கே பொருத்துவது? டிடிஎல் ஐசிகள் என்ற எளிய சின்னச் சில்லுகளை வைத்தே மனிதர் செய்து முடித்தார். நினைவகத்துக்கு பிட்டுகள் வரிசையாகச் சுற்றும் 1024 பிட் ஷிப்ட் ரெஜிஸ்டர் இரண்டு. வேண்டிய பிட் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். மெதுவானதுதான், ஆனால் உள்ளே ஏற்றிய புரோகிராமை ஓட்டியது. உங்கள் ஆல்டேர் கிட்டில் மட்டும் என்ன இருந்தது? அதே 256 பைட். கீபோர்டு இல்லை, திரை இல்லை. எட்டு ஸ்விட்சை மேலும் கீழும் தட்டி, டெபாசிட் ஸ்விட்சை அழுத்தி, ஒவ்வொரு பைட்டாக ஏற்ற வேண்டும். ஒரு பிட் தப்பினால் போச்சு. பாஸ்டன் கம்ப்யூட்டர் மியூசியம் எண்பதுகளில் போட்டி வைத்து கென்பாக்கைத்தான் தேர்ந்தெடுத்தது. நடுவர்களில் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வாஸ்னியாக்கும் உண்டு. அவருக்கும் பாடம் எடுப்பீர்களா?

புதுவரவு:
ஆப்பிள்தானே முதலில்?

பழையசர்க்யூட்:
ஆப்பிள் 1 வந்தது 1976-ல். தம்பி, மேலே படித்துவிட்டு வாங்க.

ஆல்பகர்க்கி75:
புதிதாக வந்தவரை ஏன் விரட்டுகிறீர்கள்? காசெட் டேப் விவாதத்திலும் இதே தோரணைதான், பதில் கேட்டதும் காணாமல் போனீர்கள். நடுவர் யாராக இருந்தால் என்ன? கென்பாக்கில் மைக்ரோபிராசசர் இல்லை. மைக்ரோசாஃப்ட் தொடங்கிய கேட்ஸும் ஆலனும் பேசிக் என்ற புரோகிராமிங் மொழியை எழுதியது எதற்கு? ஆல்டேருக்கு.

டெர்மினல்வாசி:
மைக்ராலை உருவாக்கிய ட்ரூஆங் பெயரை இங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

பழையசர்க்யூட்:
ட்ரூஆங் கம்பெனி முதலாளி. வடிவமைத்தவர் பிரான்சுவா ஜெர்னெல். கட்சி கட்டும் முன் அதையாவது தெரிந்துகொள்ளுங்கள்.

டெர்மினல்வாசி:
பணம் போட்டு ஆள் சேர்த்தவருக்கு ஒன்றும் இல்லையா? அப்படியானால் எட் ராபர்ட்ஸ் பெயரை மட்டும் ஏன் விட்டு வைத்தீர்கள்?

பழையசர்க்யூட்:
ராபர்ட்ஸ் தானே சாலிடரிங் பிடித்த இன்ஜினியர். இரண்டும் ஒன்றா? அப்புறம், காசெட் டேப் விவாதத்தில் நான் ஓடவில்லை. இழையைப் பூட்டிவிட்டார்கள்.

ஆல்பகர்க்கி75:
பூட்டியதே உங்களால்தான். மைக்ரோபிராசசருக்கு இன்னும் பதில் வரவில்லை.

பழையசர்க்யூட்:
செப்டம்பர், நவம்பர். மேலே எழுதியிருக்கிறேன், மறுபடி படியுங்கள்.