சின்ன ஊர் சுகாதாரத் துறையில் என்னென்ன கிடைக்கும்?

கேள்வி: புதிதாகக் குடிவந்திருக்கிறோம், கைக்குழந்தை இருக்கிறது. தடுப்பூசி தவிர வேறு எதற்கெல்லாம் அங்கே போகலாம்?

பதில் 1: காசநோய்ச் சளிப் பரிசோதனை, குடிநீர்ச் சோதனை, உணவகம் பற்றிய புகார், கொசு ஒழிப்பு என்று நிறைய இருக்கிறது. தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள், ஒரு தவணை விட்டுப்போயிருந்தாலும் பயப்பட வேண்டாம், பொதுவாக விட்ட இடத்திலிருந்தே தொடர்வார்கள்.

பதில் 2: நாய் கடித்தாலும் உடனே போங்கள். ஆனால் அதற்கு முன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். என் மகனைக் கடித்தபோது நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே "கழுவினீர்களா?" என்பதுதான்.

கேட்டவர்: சரி, ரொம்ப நன்றி. அப்புறம், மாடித் தொட்டியில் புழு நெளிகிறதே, அதையும் சொல்லலாமா?

பதில் 1: கண்டிப்பாக, அது கொசுப் புழுவாக இருக்கலாம். ஆனால் இன்றே தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுவரை அழுத்தித் தேயுங்கள், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரிலும் பல மாதம் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.