ஃப்ளை முள் நிமிர்ந்து போகிறது, எவ்வளவு பெரியது போடுவது? (அவசரம்)

கரையோரம்:
வணக்கம். பல் மீனுக்கு நானே ஃப்ளை (தூண்டில் முள்ளில் இறகும் முடியும் சுற்றிச் செய்யும் போலி இரை) கட்டிக்கொண்டு போனேன். முள் நிமிர்ந்து போய்விட்டது. இரண்டு நாளில் 7 கடி, ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. தடித்த கம்பியில் 4/0 போட்டால் போதுமா, 6/0 வேண்டுமா? சனிக்கிழமை மறுபடி போகிறேன். அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

மண்புழு:
என்ன மீன்?

நாணல்:
மீன், முள், ராட் (தூண்டில் கோல்) மூன்றையும் சொல்லுங்கள். பல் மீன் என்றால் விராலும் பல் மீன், தென்னமெரிக்க ஆற்று டொராடோவும் பல் மீன், அதே ஆறுகளில் கீழ்த்தாடையில் கோரைப்பல் வைத்திருக்கும் பாயாராவும் பல் மீன். மூன்றுக்கும் வாய் வேறு.

விரால்பித்தன்:
இரட்டை முள் போடுங்கள் அண்ணா. ரப்பர் தவளையில் வருமே, மேல்நோக்கி இரண்டு முனை, அதுதான். புல்லிலும் சிக்காது. விராலுக்கு நான் வேறு எதையும் தொடுவதில்லை.

மண்புழு:
அவர் விரால் என்று சொல்லவே இல்லையே.

பழையரீல்:
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது, ஒருவராவது பழைய இழையைத் தேடிப் படிப்பதில்லை. 6/0 கேட்கும் தம்பிக்கு முள் எண் எப்படி ஓடுகிறது என்றாவது தெரியுமா? 1, 2, 4 என்று ஏறினால் முள் சிறுக்கும். 1/0, 2/0, 3/0 என்று ஏறினால் பெருக்கும். அதுவும் ஒரு கம்பெனியின் 2/0 இன்னொரு கம்பெனியின் 2/0 அளவில் இருக்காது. அளவை விடுங்கள், கம்பியின் தடிமனையும் தண்டின் (முள்ளின் நேரான பகுதி) நீளத்தையும் பாருங்கள். அடிப்படை இது.

கரையோரம்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். டைகர் மீன், ஆப்பிரிக்காவில் ஜாம்பேஸி ஆறு. 9 வெயிட் ராட் (எண் ராடின் வலுவைக் குறிக்கும்). ட்ரௌட் மீனுக்கு ஸ்ட்ரீமர் (சிறுமீன் போன்ற ஃப்ளை) கட்ட வாங்கி மிச்சமிருந்த முள், தண்டு நீளம். அளவு 2.

மண்புழு:
2/0-ஆ, வெறும் 2-ஆ?

கரையோரம்:
வெறும் 2.

பழையரீல்:
பார்த்தீர்களா.

நாணல்:
சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். 7 கடியில் எத்தனை முள் நிமிர்ந்தது?

கரையோரம்:
ஒன்றுதான். மீதி ஆறும் குதித்துத் தலையை உதறித் துப்பிவிட்டன. முள் வளைவு மாறாமல் அப்படியே திரும்பி வந்தது.

நாணல்:
அப்படியானால் உங்கள் பிரச்சினை முள் நிமிர்ந்தது அல்ல, முள் இறங்காதது.

டைகர் மீனின் வாயில் சதை குறைவு, பெரும்பகுதி எலும்பும் பல்லும்தான். முனை எலும்பில் கொஞ்சம் ஊன்றி நிற்கும், நாம் மாட்டிவிட்டது என்று நினைப்போம். மீன் குதித்ததும் லைன் தளரும், முள் விழும். அந்த ஒன்று நிமிர்ந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். வளைவு வரை இறங்கிய முள்ளில் இழுப்பு வளைவின் அடியில் விழுகிறது, கம்பி தாங்கிவிடும். முனை மட்டும் பிடித்திருந்தால் அதே இழுப்பு நுனியைப் பிடித்துக் கம்பியை விரிக்கிறது. வீட்டில் குறடால் நுனியைப் பிடித்து ஒருமுறையும், வளைவில் கயிறு மாட்டி ஒருமுறையும் இழுத்துப் பாருங்கள், கைக்கே தெரியும்.

இந்த நிலைமையில் 6/0 போட்டால் இன்னும் மோசம். கம்பி தடிக்கத் தடிக்க அதை எலும்பில் இறக்க அதிக பலம் வேண்டும், 9 வெயிட் ராடில் அந்தப் பலத்துக்கு எங்கே போவது? ட்ரௌட் முள் மெல்லியது, அதையும் மாற்றத்தான் வேண்டும். 1/0 அல்லது 2/0, குட்டைத் தண்டு, கடலுக்கென்று செய்த வலுவான கம்பி. கமகாட்சு கம்பெனியின் எஸ்எல்12எஸ் முள் மாதிரி ஒன்று போதும், டைகருக்குப் போகிற பலர் அதைத்தான் கட்டுகிறார்கள். எதிர்முள்ளை (முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் எழும்பும் சிறு முள்) குறட்டால் நசுக்கிவிடுங்கள், அது எழும்பி நின்றால் உள்ளே போகிற வழியை அடைத்துக்கொள்ளும். அப்புறம் அரம். முனையை நகத்தின் மேல் சாய்த்து வையுங்கள். வழுக்கினால் தீட்ட வேண்டும், நகத்தைப் பற்றி நின்றால் சரி. எலும்பில் மோதுகிற முனை சீக்கிரம் மழுங்கும், அதனால் ஒவ்வொரு கடிக்குப் பிறகும் பார்க்க வேண்டும்.

தூண்டிலாண்டி:
எதிர்முள்ளை நசுக்கினால் குதிக்கிற மீன் இன்னும் சுலபமாகத் துப்பாதா?

நாணல்:
பாதி இறங்கிய எதிர்முள்ளைவிட முழுக்க இறங்கிய, எதிர்முள் நசுக்கிய முள் நன்றாகப் பிடிக்கும். லைனைத் தளரவிடக் கூடாது, அவ்வளவுதான்.

அலைமகன்:
துருப்பிடிக்காத எஃகு முள் வாங்குங்கள். ஒரு தடவை செலவு, வருடக்கணக்கில் வரும். ஈரத்தோடு பெட்டியில் போட்டாலும் கவலையில்லை.

பழையரீல்:
ஆற்று மீனுக்கு எதற்கு அது? நல்ல கார்பன் எஃகில் வருகிற கூர்மை அதில் வராது. நரம்பு (நைலான் லைன்) அறுந்து முள் மீனின் வாயில் தங்கினால் ரொம்ப நாள் அங்கேயே கிடக்கும். கார்பன் என்றால் துருப்பிடித்து உதிரும்.

அலைமகன்:
நன்னீரில் உதிர எத்தனை நாள் ஆகும் ஐயா? கடல் மாதிரி வேகமாகத் துருப்பிடிக்குமா? மீன்மேல் அக்கறை என்றால் நரம்புக்கும் ஃப்ளைக்கும் நடுவே, பல்லுக்கு அறுந்துபோகாத வயர் போடச் சொல்லுங்கள்.

பழையரீல்:
நான் முள் பற்றிப் பேசுகிறேன், நீங்கள் வயருக்குத் தாவுகிறீர்கள்.

அலைமகன்:
மீனை முதலில் கொண்டுவந்தது நீங்கள்தான்.

விரால்பித்தன்:
இரட்டை முள்ளில் இந்தப் பிரச்சினையே இல்லை.

மண்புழு:
எஃகுச் சண்டைக்குத் தனி இழை திறங்கள். கரையோரம், கடித்ததும் என்ன செய்கிறீர்கள்? ராடை மேலே தூக்குகிறீர்களா?

கரையோரம்:
ஆமாம். வேறு எப்படிச் செய்வது?

மண்புழு:
நினைத்தேன். அது ட்ரௌட் பழக்கம். ராடைத் தூக்கினால் நுனி வளைந்து உங்கள் பலத்தைத் தானே குடித்துவிடும். டைகருக்கு ராட் மீனை நோக்கி நேராக, தாழ்வாக இருக்க வேண்டும். கடித்ததும் இடது கையால் லைனைப் பிடித்து வெடுக்கென்று நீளமாக இழுங்கள், ஒரு தடவை போதாது, இரண்டு மூன்று தடவை. அதன்பிறகுதான் ராடைத் தூக்குவது. நம்பிக்கை இல்லை என்றால் லைன் நுனியை ஒரு ஸ்பிரிங் தராசில் கட்டிவிட்டு இரண்டு விதமாகவும் இழுத்துப் பாருங்கள்.

பழையரீல்:
இதைத்தான் முதலிலேயே அடிப்படை என்றேன்.

மண்புழு:
நீங்கள் சொன்னது முள் எண் பற்றி.

கரையோரம்:
தராசில் பார்த்தேன். ராடைத் தூக்கினால் தராசின் முள் ஒரு கிலோவையே தொடவில்லை. நேராக வைத்து இழுத்தால் மூன்றைத் தாண்டியது. நம்பவே முடியவில்லை. 2/0 குட்டைத் தண்டு வாங்கிவிட்டேன், கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாணல்:
வயர் எவ்வளவு நீளம் போடுகிறீர்கள்?

தூண்டிலாண்டி:
எனக்கும் அதே சந்தேகம். ஒற்றைக் கம்பியா, முறுக்கு வயரா?

நாணல்:
முறுக்கு வயர் முடிச்சுப் போடச் சுலபம். ஒற்றைக் கம்பி மெல்லியது, ஆனால் ஒருமுறை மடங்கினால் அந்த இடத்திலேயே ஒடியும். எதுவானாலும் ஒரு முழமாவது விடுங்கள், டைகர் ஃப்ளையைத் தாண்டியும் கடிக்கும்.

கரையோரம்:
போய் வந்தேன். 5 கடி, 2 மீன் கைக்கு வந்தது. நன்றி நாணல், மண்புழு. மூன்றாவது நல்ல பெரியது, வயருக்கு மேலே நரம்பைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு ஜாண்தான் விட்டிருந்தேன், நாணல் எழுதியதை இப்போதுதான் பார்க்கிறேன்.

விரால்பித்தன்:
இரட்டை முள் போட்டுப் பார்த்தீர்களா?