மறு: ‘ஈக்விவலைஸ்டு இன்கம்’ – தமிழில் என்ன சொல்?

> ‘சமன்படுத்திய வருமானம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே.

வணக்கம். குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வயது என்று பார்த்து, வெவ்வேறு அளவுள்ள குடும்பங்களை ஒப்பிடும்படி வகுத்தெடுத்த வருமானத்துக்குத்தானே இந்தச் சொல். ‘சமன்படுத்திய’ என்பதில் எனக்கு உடன்பாடில்லை. சமன்படுத்துவது என்றால் இருப்பவரிடம் எடுத்து இல்லாதவருக்குக் கொடுப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஏற்றத்தாழ்வை அளக்கும் கட்டுரையில் பொருளே கவிழ்ந்துவிடும். ‘நிகர்’ பக்கமும் போக முடியாது. வரி போக மிஞ்சுவதற்கு அந்தச் சொல்லைக் கொடுத்தாயிற்று.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் பயன்படுத்தும் திருத்திய ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) அளவுகோலில் முதல் பெரியவருக்கு 1, 14 வயது நிரம்பிய மற்ற ஒவ்வொருவருக்கும் 0.5, அதற்குக் கீழுள்ள பிள்ளைக்கு 0.3. கணவன், மனைவி, 10 வயதிலும் 6 வயதிலும் பிள்ளைகள் என்றால் 2.1. வரி போக மாதம் 42,000 ரூபாய் வந்தால், அதை 2.1ஆல் வகுத்து வருவது 20,000. தலைக்கு வகுத்தால் 10,500தான். பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவருக்கு 15,000 வந்தால் தலைக்கணக்கில் அவர் மேலே, இந்தக் கணக்கில் குடும்பம் மேலே. நால்வருக்கும் ஒரே வாடகை, ஒரே ஃப்ரிட்ஜ் அல்லவா?

என் முன்மொழிவு: ‘ஆளலகு’.

---

> என் முன்மொழிவு: ‘ஆளலகு’.

ஓசை நன்று. ஆனால் ஆள்நாள், ஆள்கூலி எல்லாம் உழைப்புக் கணக்கு ஐயா. இங்கே எண்ணுவது தேவையை. ‘தேவையலகு’ எப்படி? ஆளுக்கு ஆள் தரும் 1, 0.5, 0.3 என்ற எடைகளின் பட்டியல் ‘தேவையலகு அளவுகோல்’, வகுத்து வருவது ‘தேவையலகு வருமானம்’.

எந்த அளவுகோல் என்பதையும் கட்டாயம் குறிக்க வேண்டும். பழைய ஆக்ஸ்ஃபோர்டு எடைகளில் (1, 0.7, 0.5) அதே குடும்பம் 2.7 ஆகும், வருமானம் 15,556. பக்கத்து வீட்டுக்காரரைவிட 556 ரூபாய்தான் கூடுதல்! செலவில் பெரும்பகுதி சாப்பாட்டுக்கே போகும் இடங்களில் எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. வாடகையைப் பகிர்வதுபோல் அரிசியைப் பகிர முடியாது.

---

தேவையலகு சரி, ஆளலகைத் திரும்பப் பெறுகிறேன்.

சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில் ஓர் எச்சரிக்கை சேர்ப்போம். அந்த 20,000ஐக் குடும்பத்துக்கு ஒருமுறை எழுதி நிறுத்திவிடுகிறார்கள். நால்வர் பெயரிலும் தனித்தனியே எழுதி, ஆட்களை வரிசைப்படுத்தித்தான் இடைநிலையும் (வரிசையின் நடுவில் நிற்பவரின் வருமானம்) கினியும் (ஏற்றத்தாழ்வைச் சொல்லும் எண்) எடுக்க வேண்டும். யூரோஸ்டாட்டின் வறுமை அபாயக் கோடு அந்த இடைநிலையில் 60 விழுக்காடு. வீடுகளை எண்ணினால், தனியாள் வீடுகள் மிகுந்த நாட்டில் கோடே நகர்ந்துவிடும்.

இந்தியத் தேசிய மாதிரி ஆய்வின் மாதாந்திரத் தலா நுகர்வுச் செலவுக்கு இந்தச் சொல் வேண்டாம். அது வெறும் தலைக்கணக்கு, அதுவும் வருமானமல்ல, செலவு. அங்கே ‘தலா’வே இருக்கட்டும்.