பழைய நைட்ரோ ரேஸ் படகை மின்மோட்டாருக்கு மாற்றியவர்கள் வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

1970-களின் பிற்பகுதியில் யாரோ கையால் கட்டிய ரேடியோ கன்ட்ரோல் மாடல் படகு ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. டீப்-வீ வகை, அதாவது அடிப்பகுதி ஆழமான வீ வடிவம். பிளைவுட் உடல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், நைட்ரோ எரிபொருளில் ஓடும் 7.5 சிசி கிளோ இன்ஜின். இன்ஜினைக் கையால் சுற்றினால் உள்ளே அழுத்தமே பிடிக்கவில்லை; பிஸ்டனும் லைனரும் தேய்ந்துவிட்டன, பாகமும் கிடைக்காது. பிரஷ்லெஸ் மோட்டார் போட்டு இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதே வேலையைச் செய்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சேருங்கள்.

ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: படகில் புதிதாக ஓட்டை போடக் கூடாது. இன்ஜின் உட்கார்ந்திருந்த இரண்டு மரத் தண்டவாளங்களிலும் சேர்த்து நான்கு பழைய போல்ட் துளைகள் இருந்தன. அதே துளைகளுக்குப் பொருந்தும்படி 4 மிமீ அலுமினியத் தகடு வெட்டி, அதன்மேல் எல் வடிவத் தாங்கியில் மோட்டாரை நிறுத்தினேன். நாளைக்கு யாராவது அந்த இன்ஜினுக்கு உயிர் கொடுத்தால் நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டிவிடலாம். புகைக்குழாய் வெளியே வந்த பக்கவாட்டுத் துளையைக்கூட நிரப்பவில்லை. உள்ளிருந்து மெல்லிய பிளைவுட் தகடு, நடுவில் ரப்பர், சுற்றிலும் சிறு திருகாணி. அதுவும் பழைய குழாய்த் தாங்கி இருந்த இடத்தில்தான். பழைய படகை வாங்கியதும் தண்டவாளத்தை ரம்பத்தால் அறுத்து எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

மோட்டார் வேலை ஒரு வார இறுதிக்குள் முடிந்துவிடும். உண்மையான வேலை எண்ணெய்தான். கிளோ எரிபொருள் என்பது மெத்தனால், நைட்ரோமீத்தேன், கூடவே கணிசமான அளவு ஆமணக்கு எண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய். மற்ற இரண்டும் எரிந்தோ ஆவியாகியோ போய்விடும். எண்ணெய் மட்டும் எரியாமல் புகைக்குழாய் வழியே வெளியேறி, படகின் உள்ளே படிந்து, மரத்துக்குள் இறங்கும். பல வருடம் கழித்து மேலே பழுப்பு நிற வார்னிஷ் மாதிரி இறுகிவிடும், உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன்மேல் எபாக்ஸி பூசினால் மறுநாள் நகத்தால் உரித்தெடுக்கலாம்.

நான் செய்தது இது. இறுகிய படலத்தை முதலில் சுரண்டி எடுத்தேன். அப்புறம் அசிட்டோன் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பினேன். அதே பக்கத்தால் மறுபடி துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். அசிட்டோன் ஆவி முழுக்கப் போன பிறகு, அடுத்த நாள் ஹேர் டிரையரால் மரத்தைச் சூடாக்கினேன். தண்டவாளமும் அடிப்பலகையும் சேரும் மூலையில் எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக மேலே வரும். வந்ததும் முகப்பவுடரைக் கொட்டி உறிஞ்ச வைத்துத் தூரிகையால் பெருக்க வேண்டும். பவுடர் வெள்ளையாகவே திரும்பி வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் மெல்லிய எபாக்ஸி இரண்டு பூச்சு. எரிச்சலான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிப் போக வழியில்லை. அசிட்டோனை ஜன்னல் திறந்த அறையில் மட்டும், பக்கத்தில் தீயோ சூடான கருவியோ இல்லாமல் பயன்படுத்துங்கள்.

மோட்டார் கணக்குக்கு வருவோம். 6எஸ் லிப்போ, அதாவது ஆறு செல்களைத் தொடரில் இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரியின் பெயரளவு மின்னழுத்தம் 22.2 வோல்ட். மோட்டாரின் கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற எண்) 1400 என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 31,000 சுற்று. தண்ணீரில் அதில் 80 சதவீதம் கிடைக்கும் என்று வைத்தால் 25,000. ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ்442 ப்ரொப்பெல்லர் போட்டிருக்கிறேன். அந்த எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது: முதல் 4 என்றால் பிட்ச் விகிதம் 1.4, அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் விட்டத்தைப் போல 1.4 மடங்கு; கடைசி 42 விட்டம் மிமீயில். ஒரு சுற்றுக்கு 58.8 மிமீ நகர வேண்டும். காகிதத்தில் மணிக்கு 88 கிமீ வருகிறது. வழுக்கலுக்குப் பத்துப் பதினைந்து சதவீதம் கழித்தால் 75க்கு மேல். இந்த வயதான உடலுக்கு அது போதும்.

படகோடு வந்த ப்ரொப்பெல்லர் இதைவிடப் பெரியது. அதையே போட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இன்ஜினுக்குத் தாங்காத ப்ரொப்பெல்லரைப் போட்டால் அது திணறும், சுற்று இறங்கும், அணைந்துவிடும். மோட்டார் அப்படி முரண்டு பிடிக்காது. கேட்கிற ஆம்பியரை பேட்டரியிலிருந்து இழுத்துக்கொண்டே போகும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் கருகும் வரைக்கும். ஒரே வடிவ ப்ரொப்பெல்லரில் சுமை விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 42க்குப் பதில் 45 போட்டாலே கணக்குப்படி 40 சதவீதம் கூடுதல். அதனால் சின்னதில் தொடங்கி, சூட்டைத் தொட்டுப் பார்த்துப் பார்த்து மேலே போங்கள்.

உங்கள் அனுபவம் எப்படி?

மறுமொழி

எண்ணெய் விஷயத்தை இவ்வளவு விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி அண்ணே. மோட்டாரின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் பற்றி நான் சேர்க்கிறேன்.

பிரஷ்லெஸ் மோட்டாரின் மூன்று ஒயரில் எந்த இரண்டை மாற்றினாலும் திசை மாறிவிடும். அந்த வசதிதான் வில்லங்கம். எங்கள் குழுவில் ஒருவர் தண்ணீரில் விட்டுத் த்ராட்டிலைத் தொட்டதும் படகு பின்னால் போனது. உடனே ஷாஃப்டைச் சந்தேகப்பட்டுக் கழற்றினோம். பழைய படகுகளில் இருப்பது வளையும் கம்பிக் கயிறு, அதாவது ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட். அதன் முறுக்குக்கு ஒரு திசை உண்டு. சரியான பக்கம் சுற்றினால் இழைகள் இறுகும்; எதிர்ப்பக்கம் சுற்றினால் பிரியும். நாங்கள் கழற்றிய ஷாஃப்ட் நடுவில் வயிறு உப்பி, குழாய்க்குள்ளே இருந்த டெஃப்லான் உறையைக் கிழித்து வைத்திருந்தது. சில விநாடி ஓட்டத்துக்கே அந்த நிலை.

இன்னொன்று, சுமையில் இந்த ஷாஃப்ட் கொஞ்சம் குட்டையாகும். ப்ரொப்பெல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாக்குக்கும், ஷாஃப்டின் பின்முனையைத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று மிமீ இடைவெளி விடாவிட்டால் உள்ளே இழுத்து உராயும், மோட்டார் சூடாகும், நீங்கள் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஓட்டி முடித்ததும் ஷாஃப்டை உருவித் துடைத்து கிரீஸ் பூசி வையுங்கள். இன்ஜின் காலத்தில் எங்கும் எண்ணெய் என்பதால் துரு பிடிக்காது. இப்போது அந்தப் பாதுகாப்பு இல்லை.

மறுமொழி

தம்பி, நான் 3.5 சிசி காலத்திலிருந்து ஓட்டுகிறவன். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், கோபப்படாதே. சத்தமும் ஆமணக்கு எண்ணெய் புகையும் இல்லாத ரேஸ் படகு எனக்கு ஒட்டவில்லை. என்னிடம் இருக்கிற இன்ஜின் கடைசி மூச்சு வரைக்கும் இன்ஜினாகவே இருக்கும்.

ஆனால் ஏரிக்கரைக்காரர்கள் சத்தத்துக்குத் தடை போட்ட பிறகு ஒரே ஒரு ஹைட்ரோபிளேனை மாற்றினேன். 1950-இல் மணிக்கு 160 மைலைத் தாண்டிச் சாதனை படைத்த ஸ்லோ-மோ-ஷன் 4 படகின் சிறு உருவம். முன்னால் இரண்டு பக்க மிதவை, பின்னால் பாதி நீரிலும் பாதி காற்றிலும் சுற்றும் ப்ரொப்பெல்லர்; வேகம் பிடித்ததும் இந்த மூன்று புள்ளியில்தான் படகு நிற்கும். எடை கொஞ்சம் பின்னால் போனாலும் மூக்கைத் தூக்கி மல்லாக்கக் கவிழ்ந்துவிடும். எரிபொருள் டேங்க் இருந்த இடம் புவியீர்ப்பு மையத்துக்குப் பக்கத்தில் இருந்ததே, அது சும்மா இல்லை. டேங்க் நிறைந்திருந்தாலும் காலியானாலும் படகின் சமநிலை கெடக்கூடாது என்றுதான் அங்கே வைத்தார்கள். பேட்டரியை முதலில் அங்கேதான் வைக்க வேண்டும். வெல்க்ரோவில் ஒட்டி முன்னும் பின்னும் நகர்த்திப் பார், நிலையாகப் பொருத்துவது அப்புறம்.

உனக்கு இன்னொரு வம்பும் சொல்கிறேன். ரேடியோவில் ஓட்டிய முதல் படகே மின்படகுதான். 1898-இல் நியூயார்க்கில் விஞ்ஞானி நிகோலா டெஸ்லா ஓட்டிக் காட்டியது. ஆகவே பாரம்பரியம் என்று நான் உன்னோடு சண்டை போட முடியாது, புகைக்காக மட்டும்தான் போட முடியும்.

மறுமொழி

ஐயா சொன்ன சமநிலைக்கு ஒரு குறிப்பு. டீப்-வீக்கு நாங்கள் பின்பலகையிலிருந்து நீளத்தில் 30 சதவீதம் தள்ளி மையம் வரும்படி தொடங்குவோம். வழக்கமான ரேஸ் ப்ரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். அதன் எதிர்விசையில் படகு வலப்பக்கம் சாயும். 6எஸ்ஸை இரண்டு 3எஸ் பொதியாகப் பிரித்து அடிநடுக்கோட்டின் இரு பக்கமும் வைத்தால், இடப்பக்கப் பொதியைக் கொஞ்சம் வெளியே தள்ளியே அந்தச் சாய்வைச் சரிசெய்யலாம். இரண்டும் ஒரே திறன், ஒரே வயதுப் பொதியாக இருக்கட்டும். தொடரில் இணைக்கும்போது பலவீனமானது முதலில் காலியாகி வீங்கும்.

ஒயர் நீளம் எட்டவில்லை என்றால் மோட்டார் பக்கத்து ஒயரை நீட்டுங்கள், பேட்டரி பக்கத்தை வேண்டாம். பேட்டரி ஒயர் நீண்டால் மின்னழுத்தம் துள்ளும், ஸ்பீடு கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர் அந்த அடியைத் தாங்கித் தாங்கி வெடிக்கும். வேண்டியவர் ஒருவரின் படகில் மூடியைத் திறந்தபோது கெப்பாசிட்டரின் தலை மட்டும் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுமொழி

புதியவன் சார். இரண்டு சந்தேகம். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? கவிழ்ந்தால் என்ன ஆகும்?

மறுமொழி (பதிவிட்டவர்)

முதல் கேள்விக்கு: 5000 எம்ஏஎச் பேட்டரியில் 4000 மட்டும்தான் உங்களுடையது, மீதி பேட்டரியின் ஆயுளுக்கு. சராசரி 60 ஆம்பியர் என்றால் நான்கு நிமிடம். ஆனால் உங்கள் படகின் சராசரி உங்களுக்குத் தெரியாது. அதனால் டைமரை இரண்டு நிமிடத்துக்கு வைத்து ஓட்டிவிட்டு வந்து சார்ஜ் போடுங்கள். சார்ஜர் எத்தனை எம்ஏஎச் திருப்பி ஏற்றியது என்று காட்டும், அதை வைத்து நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கரைக்கு வந்ததும் மோட்டார், கன்ட்ரோலர், பேட்டரி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். மோட்டாரில் விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் ப்ரொப்பெல்லரைச் சின்னதாக்குங்கள். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கத் தொடங்கும்.

சூட்டைத் தணிக்கும் நீர் முதலில் கன்ட்ரோலருக்கு, அங்கிருந்து மோட்டார் உறைக்கு, அப்புறம் பக்கவாட்டில் வெளியே. பழைய இன்ஜினுக்கு நீர் எடுத்த குழாய் சுக்கானில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம், முதலில் ஊதிப் பாருங்கள். என்னுடையதில் கறுப்புப் பிசின் அடைத்திருந்தது.

கவிழ்வதற்கு: இன்ஜினுக்குக் காற்று வேண்டும் என்பதால் பழைய மூடியில் துளைகள் இருக்கும். மோட்டாருக்கு அது தேவையில்லை. உள்பக்கமாக மூடி, விளிம்பு முழுக்க டேப் ஒட்டுங்கள். மூக்கில், பக்கங்களில், கை படாத இடத்தில் எல்லாம் நீர் உறிஞ்சாத மூடிய துளை நுரையை அடையுங்கள். உள்ளே தண்ணீர் முழுக்க நிறைந்தாலும் படகு மிதக்க வேண்டும். குளியல் தொட்டியில் பேட்டரிக்குப் பதில் அதே எடைக்கு ஏதாவது வைத்து, உள்ளே நீர் விட்டு மிதக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நனைந்த லிப்போவை உலர்த்தி, வெளியில், பார்வையில் வைத்திருங்கள். வீக்கம் தெரிந்தால் சார்ஜ் போடவே கூடாது.

பழைய ரேடியோ பெட்டியை எறிந்துவிடாதீர்கள். ரப்பர் விளிம்பு மட்டும் மாற்றினால் ரிசீவருக்கும் சுக்கானைத் திருப்பும் சர்வோவுக்கும் அதைவிட நல்ல வீடு கிடையாது. ஒரே கவனம்: அந்தக் காலத்து 27 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா எப்படி இருந்தாலும் சமாளிக்கும், 2.4 கிகாஹெர்ட்ஸை நீர் விழுங்கிவிடும். ஆன்டெனா நுனியை ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயில் நீர்மட்டத்துக்கு மேலே நிறுத்துங்கள்.

ஐயா, உங்கள் ஸ்லோ-மோ-ஷனில் மோட்டாருக்கும் பழைய ஷாஃப்டுக்கும் நடுவே இணைப்பு, அதாவது கப்ளிங் எப்படிப் போட்டீர்கள்? என்னுடையதில் ஷாஃப்ட் 4.76 மிமீ, மோட்டார் அச்சு 5 மிமீ.

மறுமொழி

அச்சைச் சுற்றிலும் சமமாக இறுக்கிப் பிடிக்கும் காலெட் கப்ளிங்தான் தம்பி, ஒரு முனை 5, மறுமுனை 4.76. பக்கவாட்டுத் திருகில் நிற்கும் கப்ளிங் வேண்டாம், 25,000 சுற்றில் நடுக்கம் எடுத்து மோட்டார் பேரிங்கைத் தின்னும். மாட்டிய பிறகு மோட்டாரைத் தகட்டில் இறுக்காமல் விட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்று. மோட்டார் தானாக நகர்ந்து எங்கே நிற்கிறதோ அங்கேயே இறுக்கு.