கவுன்சலிங்கில் சொன்னது மாமியார் காதுக்குப் போய்விட்டது. யாரிடம் புகார் கொடுப்பது?

வணக்கம். என் தங்கை ஒரு தனியார் மருத்துவமனையில் மனநல ஆலோசனைக்குப் போகிறாள். கல்யாணத்துக்கு முன்பு நடந்ததை அங்கே மனம்விட்டுச் சொல்லியிருக்கிறாள். ஆலோசகர் அதை மாமியாருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டார். கேட்டால், "குடும்பத்துக்குத் தெரிஞ்சா நல்லதுதானேம்மா" என்கிறார். எவ்வளவு பெரிய அநியாயம்! இப்போது அவள் என்னிடம்கூட வாய் திறப்பதில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு மாதிரி சில விலக்குகள் மட்டும்தான். இங்கே அப்படி எதுவும் இல்லை. சிகிச்சை விஷயத்தில் தன் சார்பில் செயல்படும் பிரதிநிதியாக மாமியாரை அவள் நியமிக்கவும் இல்லை.

மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, பதில் வரவில்லை. மனநல மறுஆய்வு வாரியத்தில் (இந்தச் சட்டப்படி புகார்களை விசாரிக்கும் அமைப்பு) யாராவது புகார் கொடுத்திருக்கிறீர்களா? அங்கேயும் அவள் விவரம் வெளியே போய்விடாமல் இருக்க என்ன செய்யணும்? அனுபவம் உள்ளவர்கள், வக்கீல்கள் தயவுசெய்து இன்பாக்ஸில் சொல்லுங்கள்.