மஸ்கட்டில் முதல் கோடை லீவு: இருவருமே டீச்சர், வெளியே எங்கே போவது?

மடிப்பாக்கம்டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் வீட்டுக்காரரும் மஸ்கட்டில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் சேர்கிறோம். அவருக்குக் கணக்கு, எனக்கு இயற்பியல். ஏப்ரலில் வகுப்பு தொடங்கும், ஜூன், ஜூலை இரண்டு மாதமும் லீவு. ஒப்பந்தப்படி முதல் வருடம் ஊர் டிக்கெட் கிடையாது. அந்த சீசனில் சொந்தக் காசு போட்டு வருவதும் கட்டுப்படியாகாது. ஆக, லீவு முழுக்க அங்கேதான்.

தேடிப் பார்த்தால் எல்லோரும் நவம்பரில் சுற்றச் சொல்கிறார்கள். நவம்பரில் எங்களுக்குப் பள்ளி இருக்கும். மாலுக்கும் ஏசி ரூமுக்கும் நடந்தே அறுபது நாளை ஓட்ட மனசில்லை. ஜூன், ஜூலையில் நிஜமாகவே வெளியே போகக்கூடிய இடம் எது, எத்தனை மணிக்கு, எப்படி? அவர் கார் ஓட்டுவார், சென்னை லைசென்ஸ் எடுத்து 12 வருடம் ஆகிறது. இருவரும் நன்றாக நடப்போம். எனக்கு நீச்சல் தெரியாது. கிளம்ப ஆறு வாரம் இருக்கிறது, இங்கிருந்தே வாங்கிப் போக வேண்டியதையும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

ஹஜர்மலை:

கத்திரியையே பார்த்தாச்சு, மஸ்கட் என்ன பெரிசு என்ற நினைப்பு இருந்தால் மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். சென்னையில் மதியத்துக்குள் கடற்காற்று நுழைந்தால் வெக்கை கொஞ்சமாவது இறங்கும். மஸ்கட்டுக்குப் பின்னால் நிற்பது மொட்டைப் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கத் திருப்பித் தரும். மஸ்கட்டுக்குத் தெற்கே குரையாத் என்ற ஊரில் 2018 ஜூன் 26 அன்று 24 மணி நேரத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையே 42.6 டிகிரி. குறைந்தபட்சம் அது! கடற்காற்று வரும் நாளில் ஈரப்பதம் ஏறி வியர்வை காயாது, அது இன்னொரு தொல்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் 12.30 முதல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே விதி போட்டிருக்கிறது. நடைக்கு நான் இன்னும் கறாராகச் சொல்வேன்: கடலோரத்திலும் வாதிகளிலும் (மலைக்கு நடுவே நீர் ஓடும் பள்ளத்தாக்குகள்) காலை 9 மணிக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

ஆனால் நாடு முழுக்க ஒரே வெயில் இல்லை. தப்பிக்க மூன்று வழி உண்டு: உயரம், தென்கிழக்குக் கரை, தெற்கே இருக்கும் சலாலா. உயரத்தை நான் சொல்கிறேன், மற்றதை அதில் ஊறியவர்கள் சொல்லட்டும்.

ஜபல் அக்தர் மலையின் சைக் பீடபூமி சுமார் 2000 மீட்டர். கீழே 44 என்றால் மேலே 30-ஐ ஒட்டி இருக்கும், ராத்திரி ஏசி வேண்டாம். பிர்கத் அல் மவ்ஸ் ஊரைத் தாண்டியதும் போலீஸ் சோதனைச் சாவடி. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டியை மேலே விட மாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை. ரோடு நல்ல தார் ரோடுதான், பிரச்சினை இறக்கத்தில். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதி வழியில் கருகல் வாசனை வரும், பிறகு பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். ஆட்டோமேட்டிக் என்றால் கியரை 2-இலோ எல்-இலோ போட்டு, எஞ்சினையே வண்டியைப் பிடிக்க விடுங்கள். ஏறும்போது சூட்டு முள் நகர்ந்தால் ஏசியை அணைத்துவிட்டு ஓரம் கட்டுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

மேலே அல் அக்ர், அல் அய்ன், அஷ் ஷிரைஜா என்று படிக்கட்டு வயல் கிராமங்கள் ஒன்றையொட்டி ஒன்று இருக்கின்றன. வாய்க்கால் ஓரமாகவே இரண்டு மணி நேரம் நடக்கலாம். ரோஜா ஏப்ரலோடு முடிந்திருக்கும், மாதுளை பழுக்க ஆகஸ்ட் பின்பாதி ஆகும். நீங்கள் போகும்போது காய்தான், பறிக்க வேண்டாம், அது யாரோ ஒருவருடைய தோட்டம்.

ஜபல் ஷம்ஸ் இன்னும் உயரம், சிகரம் சுமார் 3000 மீட்டர். அல் கதீமில் தொடங்கி மலை விளிம்பை ஒட்டிப் போகும் பாதைக்கு டபிள்யூ 6 என்று பெயர். பாறையில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். பத்து நிமிடமாகப் பட்டை கண்ணில் படவில்லை என்றால் வழி தவறிவிட்டது, வந்த வழியே திரும்புங்கள். கைவிடப்பட்ட அஸ் ஸாப் கிராமம் வரை போய்த் திரும்ப மூன்றரை மணி நேரம் வையுங்கள். கைப்பிடிச் சுவர் கிடையாது. வழியில் தண்ணீரும் கிடையாது. விடியும்போதே கிளம்புங்கள், ஆளுக்கு 3 லிட்டர்.

டயர்பித்தன்:

முதலில் லைசென்ஸ். வதிவிட அட்டை கைக்கு வந்த பிறகு சென்னை லைசென்ஸை வைத்து ஓட்ட முடியாது, ஒமான் உரிமம் எடுத்தாக வேண்டும். ஜூனுக்குள் கிடைத்துவிடும் என்று நம்பி எதையும் புக் செய்யாதீர்கள். போன முதல் வாரமே பதிவு செய்யச் சொல்லுங்கள். அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம். நேர்ரோட்டில் சார் சமாளித்துவிடுவார். ரவுண்டானாவில்தான் 12 வருடப் பழக்கம் கையைத் தவறான பக்கம் இழுக்கும். அங்கே எதிர்க்கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும், ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து "இடது பக்கம் பார்" என்று சொல்லிக்கொண்டே வந்தால் போதும், முதல் மாதம் மட்டும்.

பழைய கார் வாங்கினால் பெயின்டைப் பார்க்காமல் டயரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3219 என்றால் 2019-இன் 32ஆவது வாரம். பட்டன், அதாவது டயரின் வரிப்பள்ளம், எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஐந்து வருடம் தாண்டிய டயரோடு அந்த ஹைவேயில் 120-இல் போகாதீர்கள். வெப்பத்தில் ரப்பர் உள்ளுக்குள் இறுகி, ஒருநாள் தோல் உரிவது போல உரிந்துவிடும். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். மதியம் ஓடிவந்த சூட்டில் அளந்து, கூடியிருக்கிறது என்று இறக்கினால் மறுநாள் காலை குறைந்த காற்றில் ஓடுவீர்கள். பக்கச்சுவர் மடிந்து மடிந்து இன்னும் சூடாகும், வெடிப்பது அப்படித்தான். ஸ்டெப்னியையும் அளங்கள், அதை யாரும் அளப்பதில்லை.

சரளைப் பாதையில் நுழையும்போது 25 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். தாரில் ஏறியதும் 12 வோல்ட் பம்பை வைத்து ஏற்றிவிட வேண்டும். காரில் எப்போதும் 10 லிட்டர் தண்ணீர் கேன், அதைக் குடிக்கும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். வண்டி நின்றுபோனால் நிழல் தேடி நடக்காதீர்கள், வண்டியோடே இருங்கள். அவசர எண் 9999.

ஆமைநடை:

ஜூன் மாதத்துக்கு என் பரிந்துரை ரஸ் அல் ஜின்ஸ், கடலாமைகள் முட்டையிடும் கரை. பெசன்ட் நகர், நீலாங்கரை கரையில் ஜனவரி முதல் மாணவர்கள் ராத்திரி நடையாக நடந்து முட்டை சேகரிப்பது பங்குனி ஆமைக்காக. அங்கே வருவது பேராமை, அளவில் பெரியது, சீசனும் தலைகீழ்: மே முதல் செப்டம்பர் வரைதான் உச்சம். வழிகாட்டியோடு மட்டுமே கரைக்குப் போகலாம், முன்பதிவு கட்டாயம். இரவில் ஒரு சுற்று, விடியலுக்கு முன் ஒரு சுற்று. விடியல் சுற்றை எடுங்கள். கூட்டம் குறைவு, முட்டையிட்டு முடித்த ஆமை கடலுக்குத் திரும்புவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். ஃபிளாஷும் டார்ச்சும் கூடாது.

ஹஜர்மலை சொன்ன இரண்டாவது வழியும் அங்கேதான் தொடங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையை ஒட்டி வீசி மேல்மட்ட நீரை வெளியே தள்ளும், அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். அதனால் ரஸ் அல் ஹத் முதல் அல் அஷ்காரா வரை ஜூலையிலும் மஸ்கட்டைவிட நன்றாகவே குறைந்த வெப்பம். இயற்பியல் டீச்சருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆனால் கடல் கொந்தளிக்கும், மணலும் பறக்கும். இறங்கிக் குளிக்கும் கடல் இல்லை. காற்றில் நிற்காத பந்தல் கூடாரம் வாங்கிப் போய்த் திண்டாடாதீர்கள்.

போகிற வழியில் உள்நாட்டுப் பாதையாக பிதியா பக்கம் போனால், ஜூன் கடைசியிலிருந்து தப்ஸீல் நடக்கும். மப்ஸலி என்ற பேரீச்சையைப் பழுக்குமுன் வெட்டி, செம்பு அண்டாவில் வேகவைத்து வெயிலில் காயவைப்பார்கள். பெரும்பகுதி நம் நாட்டுக்குத்தான் ஏற்றுமதி. விடிகாலையில் போனால் அடுப்பு எரிவதைப் பார்க்கலாம். கேட்டால் காட்டுவார்கள், காபியும் வரும்.

வாதிகளைப் பற்றி. வாதி பனீ காலித் நீந்தத் தெரியாதவருக்கு ஏற்றது: கார் பக்கம் வரை போகும், குளத்தோரம் உட்கார நிழல் உண்டு. வாதி ஷாப் அப்படி இல்லை. படகில் அக்கரை போய் முக்கால் மணி நேரம் கல்லில் நடந்து, பிறகு குளங்களை நீந்திக் கடக்க வேண்டும். கடைசியில் தலை மட்டும் நுழையும் பாறை இடுக்கு. டீச்சர், நீங்கள் முதல் குளத்தோடு நின்றுகொள்ளலாம், நடையே அழகுதான். வெள்ளிக்கிழமை வேண்டாம், லீவில் இருப்பவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை எதற்கு இருக்கிறது?

ஜூலையில் இன்னொன்று. மதியத்துக்கு மேல், மஸ்கட்டுக்குப் பின்னால் இருக்கும் ஹஜர் மலைமேல் இடிமேகம் திரளும், ரவாயிஹ் என்பார்கள். மழை பெய்வது மலையில், வெள்ளம் வருவது நீங்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளத்தாக்கில், தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே. தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பையை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். நீர் ஓடும் வாதியில் காரை இறக்குவது அங்கே சட்டப்படி குற்றம், சிறைகூட உண்டு. மதியம் 1 மணிக்குள் வாதியை விட்டு வெளியே.

சாரல்காலம்:

சலாலா போகாமல் இந்த இழை முடியக் கூடாது. கரீஃப், அதாவது அங்கத்திய சாரல் பருவம், ஜூன் 21 முதல் செப்டம்பர் 21 வரை என்று கணக்கு. அதை நம்பி ஜூன் 22 அன்று போய் இறங்குபவர்கள் காய்ந்த மலையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். தூறல் விழுந்து புல் முளைக்க வேண்டாமா? பச்சை ஜூலை நடுவில்தான் நிறைகிறது. உங்கள் லீவின் கடைசிப் பத்து நாள் சரியாகப் பொருந்தும். 25 டிகிரி, இடைவிடாத சாரல், ரோட்டோரம் இளநீரும் வாழைப்பழமும். குற்றாலம் சீசனை நினைத்துக்கொள்ளுங்கள், அருவிக் குளியலைக் கழித்துவிட்டு. பார்க்க வேண்டியவை வாதி தர்பாத், அய்ன் அதும், இத்தீன் மலை, கிழக்கே மிர்பாத். ரூம் வாடகை அந்த மாதம் எகிறும். ஹோட்டலைவிட அடுப்பு உள்ள ஃபர்னிஷ்டு ஃபிளாட் இரண்டு பேருக்கு மலிவு, மே மாதமே பேசிவிடுங்கள்.

மஸ்கட்டிலிருந்து காரில் சுமார் 1000 கிலோமீட்டர். நிஸ்வா, ஆதம், ஹைமா, தும்ரைத் வழி. ஆதமுக்கு அப்புறம் வளைவே இல்லாத நேர்ரோடு, எதிரி தூக்கமும் ஒட்டகமும். இருட்டில் ஓட்டாதீர்கள். ஆதம், ஹைமா, தும்ரைத் மூன்றிலும் டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள், பாதி இருந்தாலும். ஓட்டுவது ஒருவர் மட்டும் என்பதால் ஹைமாவில் இரவு தங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது. தும்ரைத் தாண்டி கடைசி 80 கிலோமீட்டரில் பாலைவனம் முடிந்து பனிமூட்டம் சுவர் மாதிரி வரும். அப்போது கண்ணாடி வெளிப்புறம் வியர்க்கும். உள்ளே ஏசி குளிர்ச்சியாக ஓடுவதுதான் காரணம். துணியால் உள்ளே துடைத்துப் பயனில்லை. வைப்பரைப் போட்டு, ஏசி குளிரைக் குறையுங்கள். ஹை பீம் போட்டால் வெள்ளைத்திரை மட்டுமே தெரியும், லோ பீம்தான்.

புல்வெளியைப் பார்த்ததும் காரை அதில் ஏற்றிவிடுவது வழக்கமான தப்பு. கீழே களிமண், சக்கரம் புதைந்துவிடும். முக்ஸைல் கரையில் பாறைத் துளை வழியாகக் கடல் பீய்ச்சுவது கண்கொள்ளாக் காட்சி, ஆனால் வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். 2022 ஜூலையில் வேலியைத் தாண்டியவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது.

டயர்பித்தன்:

சாரல்காலம் சொன்னதில் ஒரே ஒரு மாற்றுக் கருத்து. உரிமம் எடுத்து இரண்டு மாதம் ஆன ஒருவர், தனியாளாக, 1000 கிலோமீட்டர் போய் 1000 கிலோமீட்டர் திரும்புவது முதல் வருடம் வேண்டாம். விமானம் ஒன்றரை மணி நேரம்தான். அங்கே போய் வாடகைக் கார் எடுங்கள். சிக்கனம் என்றால் பஸ் இருக்கிறது, ஏறக்குறைய 12 மணி நேரம்.

மடிப்பாக்கம்டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. விமானம்தான், முடிவாகிவிட்டது. லைஃப் ஜாக்கெட் இங்கே வாங்கலாமா? ஓஆர்எஸ், ஷூ பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

ஹஜர்மலை:

ஜாக்கெட்டில் மிதப்பு விசை 50 நியூட்டன் என்று போட்டிருந்தால் அது நீந்தத் தெரிந்தவருக்கு. உங்களுக்கு 100. கால் நடுவே போகும் பட்டை இல்லாததை வாங்காதீர்கள், நீரில் ஜாக்கெட் மேலே ஏறி முகத்தை மூடும். ஆறு வாரம் இருக்கிறதே, வேளச்சேரி நீச்சல் வளாகத்திலோ மெரினா குளத்திலோ சேர்ந்துவிடுங்கள். மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்டாலே பாதிப் பயம் போகும். வாதிக்கிராமங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், அதனால் சீக்கிரம் உலரும் முழுக்கை டிஷர்ட்டும் லெக்கிங்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி நனைந்தால் கனக்கும்.

ஓஆர்எஸ் மருந்துக்கடையில் 20.5 கிராம் பாக்கெட்டாகக் கேளுங்கள், ஒன்று முழுசாக ஒரு லிட்டருக்கு. பாதி பாக்கெட்டை டம்ளரில் கலக்கினால் உப்பு கூடிக் குறைந்து பலன் கெடும். அட்டைப்பெட்டியில் வரும் பழச்சுவை பானம் ஓஆர்எஸ் இல்லை, சர்க்கரைத் தண்ணீர். வெயிலில் நடக்கும்போது மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர், சிறுகச் சிறுக. ஒன்றரை லிட்டரைத் தாண்டாதீர்கள், ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். வேறு மாத்திரை எடுத்துப்போனால் டாக்டர் சீட்டும் ஒரிஜினல் அட்டையும் கூடவே இருக்கட்டும். கோடீன், டிரமடால் கலந்தவற்றுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு.

ஷூ அரை சைஸ் பெரிதாக, சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். இரண்டு வாரம் போட்டுப் பழக்கிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். நனையும் நடைக்குத் தனியாக ரப்பர் அடியுள்ள அக்வா ஷூ. கொளுத்தும் காரின் டிக்கியில் ஷூவை விட்டுவைத்தால் அடிப்பசை இளகி, மலைமேல் பாதி வழியில் வாயைப் பிளக்கும். வீட்டுக்குள் வையுங்கள்.