ஸ்ரீதரனின் சாதனைக்குக் காரணம் மனிதரா, அமைப்பா?

கேள்வி:
வணக்கம். இந்தியப் பொறியியல் பணிக்கான நேர்முகத் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் 1970-களில் திட்டமிடலில் பங்கேற்ற கொல்கத்தா மெட்ரோவின் முதல் பகுதி 1984-இல்தான் ஓடத் தொடங்கியது. முழுப் பாதையும் நிறைவேற 1995 ஆயிற்று. அதே மனிதர் 1990-இல் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கொங்கண் ரயில்பாதையையும் டெல்லி மெட்ரோவையும் முடித்துக் காட்டினார். திறமை முன்பும் இருந்தது என்றால், பின்னால் மாறியது எது?

முதல் பதில்:
மாறியது அதிகாரம் தங்கும் இடம். கொல்கத்தாவில் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் சொட்டுச் சொட்டாக வந்த பணத்தை நம்பிச் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. கொங்கணுக்கோ தனி நிறுவனம் அமைந்தது. மத்திய அரசு 51 விழுக்காடும் மகாராஷ்டிரம், கர்நாடகம், கோவா, கேரளம் ஆகியவை மீதியும் பங்கு வைத்தன. கடன் பத்திரங்கள் வழியாகச் சந்தையிலிருந்தும் பணம் திரட்டப்பட்டது. டெல்லியில் மத்திய அரசும் டெல்லி அரசும் சரிபாதிப் பங்குதாரர்கள். ஒப்பந்தப் புள்ளிகளை முடிவு செய்யும் அதிகாரம் நிர்வாக இயக்குநரான ஸ்ரீதரனிடமே இருந்ததால் கோப்பு அமைச்சகத்துக்கு ஏறி இறங்க வேண்டியதில்லை. சுமார் 65 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் கட்டம் குறித்த காலத்துக்கு முன்பே முடிந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று கருதுகிறேன்.

இரண்டாம் பதில்:
ரயில்வேயின் பாலப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் மேற்கண்ட பதிலைப் பாதிதான் ஏற்க முடிகிறது, ஏனெனில் பாம்பனில் அவருக்குத் தனி நிறுவனமும் இல்லை, தனி அதிகாரமும் இல்லை. 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலத்தின் கர்டர்களில் (தூண்களுக்கு இடையே பாதையைத் தாங்கும் இரும்பு உத்தரங்களில்) பெரும்பாலானவை கடலுக்குள் போயின. நடுவிலிருந்த தூக்குப் பாலம் மட்டும் தப்பி நின்றது. ஆறு மாதக் கெடு மூன்றாகக் குறைக்கப்பட்ட நிலையில், முப்பத்திரண்டு வயதுப் பொறியாளராகிய அவர், அடித்துச் செல்லப்பட்ட கர்டர்களையே கடலிலிருந்து மீட்டுத் தூண்கள் மேல் ஏற்றி, 46 நாட்களில் பாதையைத் திறந்தார். காற்று ஓயாத பாம்பன் கால்வாயில், அந்தரத்தில் ஆடும் இரும்பைத் தாங்குதளத்தில் பிசகாமல் இறக்கி அமர்த்துவது எத்தகைய வேலை என்பது அருகில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எந்த நிறுவனச் சட்டமும் அதைக் கற்றுத் தராது.

கேட்டவர்:
இரண்டு ஐயாக்களுக்கும் நன்றி. அப்படியானால் அதிகாரம் கையில் இருந்தும் அவர் தோற்ற இடம் உண்டா?

மூன்றாம் பதில்:
உண்டு. டெல்லி மெட்ரோவுக்கு, உலகின் பெரும்பாலான மெட்ரோக்களைப் போல 1,435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் வேண்டும் என்று வாதாடினார். ரயில்வே தன் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதையையே வலியுறுத்தி வென்றது. தோற்ற முடிவின் மீதே முதல் கட்டத்தைக் குறையின்றிக் கட்டினார். பின்னர் வந்த பல தடங்கள் அவர் கேட்ட அகலத்திலேயே அமைந்தன. இதை நேர்முகத்தில் கட்டாயம் சொல்லுங்கள். கொள்கை விவாதத்தில் தோற்றுவிட்டு வேலையில் மனம் விடாத அதிகாரிகள் அரிது.

மற்றொன்று, 2009 ஜூலையில் டெல்லியின் ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த மெட்ரோ பாலம் சரிந்து தொழிலாளர்கள் இறந்தபோது, விசாரணைக்குக் காத்திராமல் மறுகணமே பொறுப்பேற்றுப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். முதலமைச்சர் ஷீலா தீட்சித் அதை ஏற்கவில்லை. ஸ்ரீதரன் 2011 டிசம்பர் வரை பணியில் தொடர்ந்தார். ஒப்பந்தங்களை முடிவு செய்யும் அதிகாரத்தைக் கேட்டு வாங்கியவர், அந்த அதிகாரத்தின் கீழ் நிகழ்ந்த மரணங்களையும் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.